தட்டுமுட்டும் தாய்வழி வீடும்

சித்திரை வருடப் பிறப்புக்கு முன் வீடு வாசலைத் துப்புரவு செய்வது தமிழர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழக்கம். சுவருக்கு வெள்ளை பூசுவர். முற்றத்தைச் சாணமிட்டு மெழுகுவர். உடைந்த சட்டி பானைகளை வளவின் கோடியில் எறிவர். தமிழ்நாட்டார் இதனையே தைப்பொங்கலுக்கு முன்நாளாகிய போகியன்று செய்து, பழையனவற்றைத் தீயிலிட்டுக் கொளுத்துவர். ஆண்டுக்கொருமுறை நிகழும் இத்துப்புரவில் வெளியேறுபவை ஓட்டைச் சுளகும் பிய்ந்த பாயும் பிடி கழன்ற அகப்பையுமே. வீட்டின் உள்ளிருப்பு முழுவதையும் புரட்டி எடுத்து, இது யாருக்கு, இது இனி எதற்கு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு முடிவு செய்யும் நாள் வேறு. பெரும்பாலான சமூகங்களில் அந்நாள் வீட்டுக்குடையவர் இறந்த பின்னரே வருகின்றது. மட்டக்களப்பு வாவியின் கரைகளில் மட்டும் உடையவர் உயிரோடும் உடல் வலிமையோடும் இருக்கும்போதே அது வந்துவிடுகின்றது. மகளுக்கு வீடு கொடுக்கும் நாளே அது.

அந்நாளின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், முதலில் அந்நாட்டின் கிடக்கையை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காய்க் கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாய் நீண்டு செல்வது எழுவான்கரை. தென்னையும் நெருங்கிய ஊர்களும் அங்கே உள்ளன. வாவியின் மேற்கே, ஞாயிறு படும் திசையில், வயல்களும் வாடிகளுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. நெல் ஒரு கரையிலும் குடி மற்றொரு கரையிலும் இருந்தமையால், தோணியேறிச் சென்று வயல் வாடியில் மாதக்கணக்காய்த் தங்குவது ஆண்களுக்குப் பழகிப்போன ஒன்று. வீடு பெண்ணினுடையது. ஆண் அங்கே வந்து போகின்றவன். மணமான பின்னரோ வேறொரு பெண்ணின் வீட்டில் வந்து வாழ்கின்றவன்.

இது வெறும் பேச்சளவில் சொல்லும் வார்த்தை அன்று. இப்பிரதேசத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி எண்ணுவர். ஒருவன் எக்குடி என்று கேட்டால், அவன் தாயின் குடியைச் சொல்வான். திருமணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குச் செல்வான். பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும், இயலுமாயின் வயற்காணியும் எழுதிக் கொடுக்கப்படும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டளவில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆராயத் தொடங்கி, அவ்வாராய்ச்சியின் முழு விளைவையும் 2008இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அவர் விரித்துரைத்த நடைமுறையை அவ்வூர்க் கிழவிகள் எவரும் இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவர் என்பது வேறு விடயம்.

நடைமுறை இதுதான். மூத்த மகளின் திருமணம் முடிந்ததும் புதுமணத் தம்பதியர் சில காலம் பெற்றாரோடு ஒரே அடுப்பில் உண்பர். பின்னர் அடுப்பு இரண்டாகும். அதன்பின், வீட்டை மகளிடம் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மணமாகாத பிள்ளைகளோடு வெளியேறுவர். எங்கே செல்வர்? பெரும்பாலும் நெடுந்தூரம் செல்வதில்லை. அதே வளவின் மறுமூலையிலோ, அயல் வளவிலோ வேறொரு வீடு எழும்பும். அந்த வீடும் அவர்களுக்காக எழும்புவதன்று. இரண்டாவது மகளுக்காக எழும்புவது. அவளுக்கு மணமானால் அதனையும் விட்டு எழும்ப வேண்டும். இவ்வாறு பெண்மக்கள் எத்தனை பேரோ அத்தனை வீடு கட்டி, அத்தனை வீட்டையும் கைவிட்டு, ஈற்றில் கடைக்குட்டி மகளின் வீட்டில் ஒரு மூலையிலே முதுமையைக் கழிப்பர். வசதி குறைந்த குடும்பத்திலே கல்வீடு மகளுக்கும், மண்சுவரும் கிடுகுக் கூரையுமான குடில் பெற்றாருக்கும் என்றாகும். நாற்பது வயதில் ஒரு முறை, நாற்பத்தைந்தில் ஒரு முறை, ஐம்பதில் மற்றொரு முறை என ஒரு தாய் தன் வீட்டுச் சாமான்களைத் தானே முற்றத்தில் எடுத்து வைத்துப் பங்கிட நேர்வது இந்த ஒழுங்கினாலேதான்.

பங்கிடும் முறையில் எழுதப்படாத நியாயம் ஒன்று இருந்தது. நிலத்தோடு பொருந்திக் கிடக்கும் கனத்த பொருள்கள் வீட்டோடு போகும். அம்மியையும் உரலையும் யார் தூக்கிக்கொண்டு அலைவார்? மகள் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் இடையே வேலி ஒன்றே இருக்கும்போது தூக்கவேண்டிய தேவைதான் என்ன? தாய் மாவிடிக்க மகளின் உரலடிக்கு வருவாள். ஆகவே கொடுத்த பொருள் கண்ணுக்கு மறைந்து போவதில்லை. கொடுத்துவிட்டோம் என்ற ஏக்கம் இருப்பின், அது நாள்தோறும் வேலிக்கு அப்பால் நின்று தணிந்துகொள்ளும். பொருளை விடுவதிலுள்ள துன்பத்தின் பெரும்பகுதி அது அந்நியர் கைக்குப் போவதாலே உண்டாவது. இங்கே அது போவது பெற்ற மகளின் கைக்கு. இருந்தும், தன் கையாலே மெழுகிய திண்ணையை விட்டிறங்கி ஒரு புதுக்குடிலின் ஈர மண்ணில் பாய் விரித்துப் படுக்கும் முதல் இரவு எந்தத் தாய்க்கும் எளிதாய் இருந்திருக்குமென்று எண்ண முடியாது. வழக்கம் என்று சொல்லிவிட்டால் வலி இல்லாமற் போவதில்லை.

பழைய வீட்டில் பங்கிடுவதற்குப் பெரும் பொருள்கள் இருந்தனவல்ல என்பதையும் ஈண்டு கூறவேண்டும். கிடுகு வேய்ந்த கூரை சில ஆண்டுக்குள் பழுதாகிவிடும். பிரித்து மேயும்போதெல்லாம் வீடு தானே காலியாகும். வாடைக்காற்றோடு வரும் மாரிமழையும் வாவி வெள்ளமும் தாழ்ந்த நிலத்திற் கிடப்பனவற்றை அழித்துவிடும். எனவே பொருள்கள் தரையை விட்டு மேலே ஏறின. தயிர்ச் சட்டி உறியில் தொங்கும். விதையும் புளியும் பரணில் இருக்கும். சேலையும் நகையும் உறுதிப் பத்திரமும் பெட்டகத்துள் அடங்கும். படுப்பதற்குப் பன்பாய், எழுந்ததும் சுருட்டிச் சுவரோரம் சாத்திவிடலாம். விருந்தினர் வந்தால் வெற்றிலை வைத்து நீட்ட ஒரு பித்தளை வட்டா. போடியார் வீடுகளில் இவையே கூடுதலாகவும் உயர்ந்தனவாகவும் இருந்திருக்கும்.

தமிழ்ச் சொற்களையே சான்றாகக் கொண்டு இதனை ஓரளவு அறியலாம். உறி, பரண், பெட்டி, பெட்டகம், கடகம் ஆகியவை தமிழ்ச் சொற்கள். ஆனால் அலுமாரி என்பது போர்த்துக்கேயச் சொல். மேசையும் அவ்வாறே, கதிரையும் வாங்கும் அவ்வாறே. மேசையின் வயிற்றுக்குள் இழுத்து மூடும் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறியது, சொற்கள் தங்கிவிட்டன. அச்சொற்களோடு, போர்த்துக்கேய மொழியின் திரிந்த வடிவமொன்றை இந்நாள்வரை வீட்டுமொழியாய்ப் பேணிவரும் பறங்கிச் சமூகமும் மட்டக்களப்பில் தங்கிவிட்டது. தச்சுத் தொழிலும் கொல்லுத் தொழிலும் அவர்களுக்குப் பரம்பரையாய் வந்தவை. பூட்டுள்ள அலுமாரி வீட்டினுள் வந்தபின்னரே, பயன்படாத பொருளையும் கண் காணாமல் வைத்துக்கொள்ள இயன்றது. உறியில் தொங்குவது எந்நேரமும் கண்முன் ஆடும்; வேண்டாததை அங்கே வைக்க எவரும் துணியார். லாச்சிக்குள் அடைத்ததோ இருபது ஆண்டு கிடந்தாலும் கேட்பாரில்லை. வேடிக்கை என்னவெனில், சாவி என்ற போர்த்துக்கேயச் சொல்லைத் தமிழ்நாட்டார் ஏற்றுக்கொண்டனர். அலுமாரியைத் தயங்காது ஏற்ற ஈழத்தவரோ அதைத் திறப்பதற்குத் திறப்பு என்ற தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டனர்.

இனி, இவ்வழக்கத்தின் பின்னாலுள்ள சட்ட வரலாற்றுக்கு வருவோம். அது சற்று விரித்துக் கூறத் தக்கது.

மட்டக்களப்பில் நிலவிய பழைய உரித்து முறைக்கு முக்குவர் வழமை என்று பெயர். அதன்படி தாய்வழி வந்த பழஞ்சொத்து முதுசம் எனப்படும். ஓர் ஆணிடமிருந்த முதுசம் அவன் பெற்ற பிள்ளைகளைச் சேராது. அவன் உடன்பிறந்தாளின் பிள்ளைகளாகிய மருமக்களைச் சேரும். அவன் தன் முயற்சியால் ஈட்டிய தேட்டமே பிள்ளைகளுக்கு உரியது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் எழுத்து வடிவம் பெற்றுச் சட்டமாயிற்று. முக்குவர் வழமைக்கு அப்பேறு கிட்டவில்லை. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்ற அறிஞர் அதன் விதிகளைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்ட ஆண்டு 1876. அவ்வாண்டிலேயே ஆங்கில அரசாங்கம் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றி, மண உரிமையையும் உரித்தையும் பொதுச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தேசவழமைக்கு உட்பட்ட வடபகுதித் தமிழருக்கும் அச்சட்டத்தில் விலக்கு இருந்தது. மட்டக்களப்பு முக்குவருக்கு விலக்கில்லை. ஒரு வழமை நூல் வடிவில் பிறந்ததும் அதன் உயிர் பிரிந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

புதிய சட்டத்தின்படி ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் ஒத்த பங்கு. கேட்பதற்கு நியாயமாகவே உள்ளது. ஆனால் ஒரு வீட்டை ஆறு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் வீடு என்பது ஏது? மட்டக்களப்பார் இதற்கு எதிராக வழக்காடவில்லை, கிளர்ச்சி செய்யவுமில்லை. உரித்துச் சட்டம் ஒருவர் இறந்த பின்னரே தொழிற்படத் தொடங்குகின்றது. இறக்கும்போது கையில் எதுவும் இல்லாதவரிடத்து அதற்கு வேலையில்லை. பெற்றார் உயிரோடிருக்கும்போதே, திருமணத்தின் பேரில், நொத்தாரிசு முன்னிலையில் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதன உறுதி எழுதிவிட்டால், பின்னர் பங்கிடுவதற்கு எஞ்சுவது யாது? மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற முதுசம் மறைந்தது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சீதன வீடு அவ்விடத்தைப் பெற்றது. முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்கச் சட்டத்தின்படி மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் உரியன. அவர்களும் இவ்வழியாகவே வீட்டை மகளுக்கு உரியதாக்கினர். வாழுங் காலத்துக் கொடைக்கு உரித்துப் பங்கீடு பொருந்தாதல்லவா?

ஆகவே இங்கு விடுதல் என்பது பேணுவதற்கான வழியாயிற்று. கையில் வைத்திருந்தால் சிதறிப்போகும். நேரத்தோடு கொடுத்துவிட்டால் முழுமையாய் நிற்கும். பெற்றார் வீட்டைவிட்டு வெளியேறுவதைத் துறவு என்று புகழ்ந்தால் அவர்களே சிரித்துவிடுவர். அது கணக்கறிந்த காரியம்.

தாய்வழி உரிமை வேறு நாடுகளிலும் இருந்துள்ளது. மலையாளத்து நாயர் சமூகத்தின் தறவாடு அவற்றுள் தமிழருக்கு மிக அணித்தானது. அங்கே உடன்பிறந்தாரும் அவர்தம் சகோதரிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே பெருவீட்டின் கீழ் வாழ்ந்தனர். வீட்டை விட்டு எவரும் வெளியேறத் தேவையில்லாமையால் பொருள்களும் வெளியேறவில்லை. தலைமுறை தலைமுறையாய்ச் செம்புக் கிடாரங்களும் மரப்பெட்டகங்களும் விளக்குகளும் அறைகளிற் குவிந்தன. 1925இல் திருவிதாங்கூரில் வந்த நாயர் சட்டம் ஆளுக்கொரு பங்கு கேட்டுப் பிரிந்துபோக இடமளித்தது. 1975இல் கேரள அரசு கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் நீக்கிற்று. தறவாடுகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தபோது, பயிற்சியே இல்லாத ஒரு காரியத்தை அக்குடும்பங்கள் ஒரே நாளிற் செய்ய நேர்ந்தது. கதவும் தூணும் கிடாரமும் பழம்பொருள் வணிகர் கடைகளுக்குப் போயின. மட்டக்களப்பு வீட்டுக்கு இப்பெருவிபத்து நேரவில்லை. அது தலைமுறைக்கு இருமுறை மும்முறை கலைந்து பழகிய வீடு.

எனினும் இவ்வொழுங்கிலே ஒரு குறை இருந்தது. அதனை மறைத்துப் பேசுதல் வரலாறாகாது.

வீட்டோடு போகும் பொருளுக்கு மகள் உரியவள். நெல்லுக்கும் காணிக்கும் உறுதி உண்டு. தகப்பனின் ஏட்டுச் சுவடிக்கு உரியவர் யார்? வைத்தியமும் சோதிடமும் மாந்திரிகமும் அம்மன் காவியமும் அடங்கிய பனையோலைக் கட்டுகள் மட்டக்களப்பில் பல வீடுகளில் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஆண்கள். மகனோ வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டவன். மருமகன் வந்த வீட்டில் மாமனாரின் சுவடி அவனுக்குத் தொடர்பற்ற பொருள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அந்தக் கட்டு ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு ஏறும். அல்லது விட்டுப்போன வீட்டின் பரணிலேயே கிடக்கும். கறையானுக்கு உறுதியும் வேண்டாம், நொத்தாரிசும் வேண்டாம். அச்சுப் புத்தகம் வந்தபின் சுவடியின் தேவையும் குறைந்தது. தமிழ்நாட்டிலே பழஞ்சுவடிகள் ஆற்று வெள்ளத்திலும் நெருப்பிலும் இடப்பட்ட செய்திகளை உ. வே. சாமிநாதையர் நெஞ்சு வெந்து எழுதிச் சென்றுள்ளார். அங்கே சாத்திரத்தின் பேரால் நடந்தது, இங்கே கவனிப்பாரின்மையால் நடந்தது என்று சொல்லலாம்.

எஞ்சிய ஏடுகள் எவை என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கோயிலிலே ஆண்டுதோறும் அவிழ்த்துப் படிக்கப்பட்டவை எஞ்சின. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது கண்ணகி வழக்குரையைப் பாடுவது வாவிக்கரை ஊர்களின் மரபு. பாடுவதற்கு ஏடு வேண்டும். ஏடு பழுதானால் படியெடுக்க வேண்டும். அதனால் அது வாழ்ந்தது. கோயில் உரிமைகளையும் குடிமரபுகளையும் கூறும் ஏடுகளும் அவ்வாறே. அவை ஓலையில் எழுதப்பட்டிருந்தும் மட்டக்களப்பார் அவற்றைக் கல்வெட்டு என்றே அழைப்பர். எழுத்தின் உறுதியை எண்ணி இட்ட பெயர் போலும். இத்தகைய ஏடுகளைக் கொண்டே எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதி, 1968இல் கண்ணகி வழக்குரையை அச்சேற்றினார். வீட்டுப் பரணில் வைத்தது மறைந்தது. ஊர் கூடிப் பாடியது நின்றது. வீடு கைமாறும் ஒழுங்கு உரலையும் விளக்கையும் காத்த அளவுக்கு எழுத்தைக் காக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டக்களப்பு வீடுகள் வேறு வகையிலும் காலியாயின. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டு போயிற்று, தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது, கூரைகளைப் பெயர்த்தது. பின்னர் போர்க்காலம் வந்தது. 1990க்குப் பின் பலமுறையும், 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் கையில் எடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட நேர்ந்தது. வாவியைக் கடக்கும் மனிதர் எவ்வளவு சுமக்க முடியும்? பிள்ளை ஒரு கையில். மற்றொரு கையில் அடையாள அட்டையும் உறுதியும் நகையும் வைத்த பை. உரலும் அம்மியும் அலுமாரியும் நின்ற இடத்தில் நின்றன. திரும்பி வந்தபோது சில நின்றன, பல இல்லை. வீட்டைக் கொடுப்பதிற் பழகிய மக்கள்தாம் இவர்கள். ஆயினும் கொடுத்தலும் பறிபோதலும் ஒன்றாகா. கொடுத்த பொருள் வேலிக்கு அப்பால் மகளின் முற்றத்தில் இருக்கின்றது. பறிபோனது எங்கே இருக்கின்றதென்று எவருக்கும் தெரியாது.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது எழுவான்கரையின் கடலோர ஊர்கள் அழிந்தன. கல்லடிக்கு அண்மையிலுள்ள நாவலடியில் வீடுகளின் அத்திவாரமே எஞ்சியது. உயிரிழப்பின் பேரளவுக்கு முன் பொருளிழப்பைப் பேசுவது தகாதெனினும், அவ்வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள் என்பதை மறத்தலாகாது. மகளுக்கென்று எழும்பி அவளுக்கு எழுதுமுன்னே கடல் கொண்டுபோன வீடுகளும் அவற்றுள் உண்டு. 1980களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்று, பிறர் வீட்டைத் துடைத்த கூலியிலே தங்கள் மகளுக்கும் தங்கைக்கும் சீதன வீடு எழுப்பிய பெண்கள் பலர். அவர்களின் உழைப்பும் அந்தக் காலையில் போயிற்று.

அடுத்து வந்தது எதிர்பாராத ஒரு சிக்கல். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றராய் இருந்தது. எழுவான்கரை பல இடங்களில் எத்துணை ஒடுங்கியது என்பதை அறிந்தவர்க்கு அவ்விதியின் பொருள் விளங்கும். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. இடையில் வேறிடத்துக் காணிகளில் கொடை வீடுகள் எழுந்தன. அவற்றுக்குப் பத்திரம் எழுத வந்த அதிகாரிகள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டனர். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அக்கட்டத்தில் கணவனின் பெயர் ஏறிற்று. தாய் தந்த வீட்டை இழந்த பெண், தன் கணவனுக்கு உரிய வீட்டில் குடியிருப்பவளானாள். 1876இன் சட்டம் தொடாத ஒன்றை ஒரு படிவம் தொட்டுவிட்டது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் கூட்டுரிமையேனும் வேண்டுமென்று வாதாடின. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் இந்நிலைமையை ஆராய்ந்து 2010இல் எழுதினர். தங்குவதற்கு வீடிருந்தும் மகளுக்குக் கொடுக்க வீடில்லையே என்ற தாய்மாரின் கவலையே அவ்வாராய்ச்சியின் நடுப்பொருள்.

அதிகாரிகளின் மனத்தில் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்ததன்று. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளரை நியமியாது ஒருவர் இறந்தால் அரச அளிப்புக் காணி யாருக்குச் செல்லும் என்று வரிசையிடும்போது, ஆண்மக்களை முன்னும் பெண்மக்களைப் பின்னும் வைத்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது வாவியின் தென்மேற்கே காடழித்துக் குடியேறிய குடும்பங்கள் அச்சட்டத்தின் கீழேயே காணி பெற்றன. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் அவற்றுள் இருந்தன. அந்த வரிசையிலுள்ள ஆண் பெண் வேறுபாட்டைப் பாராளுமன்றம் நீக்கியது 2022இல்.

இன்றைய சீதன வீட்டில் பொருளுக்குக் குறைவில்லை. குளிர்சாதனப் பெட்டியும் மெத்தைக் கட்டிலும் கண்ணாடி அலுமாரியும் பிளாஸ்ரிக் கதிரைகளும் வீட்டோடு எதிர்பார்க்கப்படுகின்றன. வளவுகள் சிறுத்துவிட்டமையால் மறுமூலையில் எழும்ப இடமில்லாத பெற்றார் பின்புறத்து அறையொன்றுக்குள் ஒதுங்குகின்றனர். அவ்வறைக்குள் எதை வைப்பது? பன்பாய் ஒன்று, கைப்பெட்டி ஒன்று, சாமி படம் ஒன்று, வெற்றிலை இடிக்கும் சிற்றுரல் ஒன்று. மூத்தவள் முற்றத்தில் அம்மி இருக்கின்றது. நடுவிலாள் வீட்டில் குத்துவிளக்கு. கடைக்குட்டிக்கு இன்னும் உறுதி எழுதவில்லை. எழுதும்வரை பெட்டகத்தின் திறப்பு தாயின் சேலைத் தலைப்பிலே முடிந்திருக்கும்.